கையைக் கடிக்காமல் பனிச்சறுக்கு: வெளிநாட்டில் இருக்கும் நம் கரைக்காரர்கள் வழி சொல்லுங்கள்

தேவிபட்டினத்தான் (மியூனிக்)

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தேவிபட்டினம். மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். டிசம்பர் பிறந்ததும் கூடப் படிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த கையோடு மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கும் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ரொம்ப நாளாக ஆசை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு மலை இனி எப்போது பக்கத்தில் கிடைக்கும்?

கணக்குப் போட்டால்தான் கை நடுங்குகிறது. விசாவுக்காக முடக்கி வைத்த பணத்திலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். ஊரில் கல்விக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரியாவின் பெரிய மலைகளில் ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் மட்டுமே 70 யூரோவைத் தாண்டிவிட்டது. சறுக்குப் பலகை, பூட்ஸ், உடுப்பு, ரயில், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஒரே நாளில் 200 யூரோ போய்விடும் போலிருக்கிறது. நம் பக்கத்திலிருந்து போய், கையில் பெரிதாகக் காசு இல்லாமல் கற்றுக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

பாம்பன் வாடை (இன்ஸ்புருக்)

தம்பி, அந்த 70 யூரோ டிக்கெட்டை முதலில் மறந்துவிடு. அது நூறு கிலோமீட்டருக்கு மேல் சரிவுகள் உள்ள மலைகளின் விலை. புதிதாகக் கற்கிறவனுக்கு வேண்டியது பயிற்சித் திடல். மெல்லிய சாய்வு, நின்றபடியே மேலே ஏற்றிவிடும் கன்வேயர் பட்டை, அவ்வளவுதான். சிறிய மலைகள் பலவற்றில் அந்தத் திடலுக்கென்று தனி டிக்கெட் உண்டு. சில இடங்களில் ஏற ஏறப் புள்ளி கழியும் அட்டை தருவார்கள். முழு மலைக்கும் காசு கட்டிவிட்டு அடிவாரத்திலேயே பொழுதைக் கழிப்பவர்களை இங்கே தினமும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கும். திடலில் நன்றாக நிற்கவும் திரும்பவும் வந்த பிறகு மதிய டிக்கெட் வாங்கு. பழகாத கால்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் சோர்ந்துவிடும், முழு நாள் டிக்கெட் எடுத்தாலும் பாதி வீண்தான்.

ரயிலுக்கு நீ தனியாகச் செலவழிக்க வேண்டாம். ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் மாதம் முழுவதும் போகலாமே, அந்த டாய்ச்லாந்து டிக்கெட் வைத்திருப்பாய்தானே? 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. விலை ஏறினாலும் மியூனிக்கிலிருந்து லெங்க்ரீஸ், பைரிஷ்ட்ஸெல், கார்மிஷ் எல்லா இடத்துக்கும் அதே டிக்கெட்டில் போய் வரலாம். எல்லை தாண்டி குஃப்ஸ்டைன், சால்ஸ்பர்க் நிலையம் வரைகூட அது செல்லும். லெங்க்ரீஸில் இறங்கினால் பிரௌனெக் மலை, பைரிஷ்ட்ஸெல் பக்கம் சூடல்ஃபெல்ட். இரண்டும் உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரும் மலைகள்.

ஒன்றைக் கவனி. இந்த மலைகள் உயரம் குறைந்தவை. பிரௌனெக் உச்சியே 1555 மீட்டர்தான். மழை பெய்தால் பனி கரைந்துவிடும். அதனால் வாரக்கணக்கில் முன்னால் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் வாங்காதே. மலையின் வெப்காமை முந்தின இரவு பார், பனி இருந்தால் காலையில் கிளம்பு. நம் அப்பாக்கள் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். மலைக்கும் அந்தப் பொறுமை வேண்டும். பெரிய மலைகளில் நிலைமை வேறு. அங்கே பல இடங்களில் தேதி நெருங்க நெருங்க விலை ஏறும், முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் லாபம். அது உனக்கு அடுத்த வருடப் பேச்சு.

எப்போது போவது என்பதில்தான் பாதிக் காசு இருக்கிறது. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை போகாதே. பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வாரங்களிலும் போகாதே. விலையும் கூடுதல், கூட்டமும் கூடுதல், கூட்டத்தில் கற்பது ஆபத்தும்கூட. ஜனவரி நடு வாரங்களில், உனக்கு வகுப்பு இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ போனால் திடலே காலியாக இருக்கும்.

பூட்ஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பலகை பழையதாக இருக்கலாம், சட்டை இரவலாக இருக்கலாம். பூட்ஸ் சரியாக இல்லையென்றால் எதுவும் நடக்காது. பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் சொல்வது. பாதம் 26.5 சென்டிமீட்டர் என்றால் அளவும் 26.5. வாடகைக் கடையில் உன் வழக்கமான செருப்பு எண்ணைச் சொல்லி வாங்காதே, பாதத்தை அளக்கச் சொல். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் அந்தத் தொடுதல் விலக வேண்டும். குதிகால் மேலே தூக்கவே கூடாது. குளிருமே என்று இரண்டு காலுறை போடாதே. மெல்லியதாக, முழங்கால் வரை வருவது ஒன்று போதும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் புண்ணாகும், இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும்.

இன்னொன்று, பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் பூட்டு. நீ விழும்போது அது தானாகக் கழன்றால்தான் முழங்கால் தப்பிக்கும். உன் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், நீ புதியவனா பழகியவனா, இதையெல்லாம் கேட்டுத்தான் கடைக்காரர் அதன் இறுக்கத்தை வைப்பார். உண்மையான எடையைச் சொல். நண்பனின் பலகையை இரவல் வாங்கினால் அவன் அளவுக்கு வைத்த இறுக்கம் உனக்கு ஆகாது, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்.

பயிற்சிக்குத் தனி ஆசிரியர் வேண்டாம், குழு வகுப்பு போதும். உன் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் மாணவர் கட்டணத்தில் வகுப்பு இருக்கும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அறிவிப்பு வரும் தேதியைக் குறித்து வை. முதல் நாளாவது ஆசிரியரிடம் கற்றுக்கொள். நண்பன் சொல்லிக் கொடுத்தால் தப்பாக நிற்கப் பழகி, அதைத் திருத்த அப்புறம் இரட்டிப்புச் செலவாகும். உடம்பைப் பொறுத்தவரை நீ பயப்பட வேண்டாம். ஆடுகிற வல்லத்தில் நின்று வலை இழுக்கிறவன் முழங்காலை இளக்கி வைத்திருப்பான் பார், சரிவில் நிற்க வேண்டியதும் அப்படித்தான்.

தொண்டி நர்ஸ் (சூரிக்)

பாம்பன் அண்ணன் சொன்னதோடு நான் காப்பீட்டைச் சேர்க்கிறேன். தம்பி கேட்ட ‘எதைக் குறைக்கக் கூடாது’ என்பதற்கு என் பதில் இதுதான். நான் வேலை செய்வது எலும்பு சிகிச்சைப் பிரிவில். ஜனவரி வந்தால் முழங்கால் தசைநார் கிழிந்தவர்களும் கட்டைவிரல் பிசகியவர்களும் வரிசையாக வருவார்கள். கட்டைவிரல் எதற்கென்றால், விழும்போது கையிலிருக்கும் கோலை விடாமல் பிடித்துக்கொண்டே விழுவது. விழப்போகிறாய் என்று தெரிந்தால் கோலை விட்டுவிடு. சறுக்கிக்கொண்டே இருக்கும்போது எழுந்து நிற்கவும் முயலாதே, உடம்பு நின்ற பிறகு எழுந்திரு. முழங்கால் போவதில் பாதி அந்த அவசரத்தால்தான் என்று எங்கள் பிரிவில் பேசிக்கொள்வோம்.

உன் மாணவர் காப்பீடு மருத்துவமனைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். மலையிலிருந்து உன்னைக் கீழே இறக்கும் செலவு வேறு கணக்கு. குறிப்பாக ஆஸ்திரியாவிலோ இங்கே சுவிஸிலோ விழுந்து ஹெலிகாப்டர் வந்துவிட்டால், பில் ஆயிரக்கணக்கில் உன் பெயருக்கே வரும். அதற்கு மலிவான வழி ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் உறுப்பினராவது. மலை மீட்புக் காப்பீடு உறுப்பினர் கட்டணத்திலேயே அடக்கம், இளையவர்களுக்குக் கட்டணமும் குறைவு. சங்கத்தின் மலைக்குடில்களில் தங்கினால் படுக்கைக்கும் சலுகை உண்டு. வருடத்தில் ஒரு தடவை மலைக்குப் போனாலும் அந்தப் பணம் வீண் இல்லை.

நீ இன்னொருவர் மேல் மோதினால்? அதற்குத் தனிநபர் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும். ஜெர்மனியில் பலர் வீட்டுக்காக ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், உன்னுடையது பனிச்சறுக்கையும் சேர்க்கிறதா என்று படித்துப் பார். இத்தாலியில் 2022 ஜனவரியிலிருந்து அது இல்லாமல் சரிவில் இறங்கவே கூடாது.

சுவிஸில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே முதலாளியிடம் வாரத்தில் 8 மணி நேரமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் கட்டாய விபத்துக் காப்பீட்டில் சேரும். அதோடு ரேகா என்ற விமான மீட்பு அமைப்புக்குச் சிறு தொகை கொடுத்து ஆதரவாளராகிவிடுங்கள். 1952 முதல் இயங்கும் அமைப்பு அது.

கீழக்கரை ஜலீஸ் (துபாய்)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், ஐரோப்பாவை விட இங்கேதானே நாம் அதிகம்.

ஆசை இருக்கிறதா, உடம்பு ஒத்துழைக்கிறதா என்று பார்க்க மால் ஆஃப் தி எமிரேட்ஸில் ஸ்கீ துபாய் இருக்கிறது. 2005-ல் திறந்தது, கூரைக்குள்ளேயே பனி, நீளமான சரிவு 400 மீட்டர். டிக்கெட்டிலேயே ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ், பலகை எல்லாம் வந்துவிடும். எதுவும் வாங்காமல் போய் ஒரு அடிப்படை வகுப்பு முடித்துவிடலாம். 400 மீட்டரில் அதற்கு மேல் வளர முடியாது என்பதும் உண்மை. அடிப்படை இங்கே, மீதி ஜார்ஜியாவில். எங்கள் கூட்டாளிகள் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஜார்ஜியாவில் குடௌரி என்ற இடம். தலைநகர் திபிலிசியிலிருந்து மலைச்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர், ஊரே 2000 மீட்டருக்கு மேல் என்பதால் பனி நம்பகமானது. டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சீசன். லிஃப்ட், வாடகை, அறை எல்லாம் ஆல்ப்ஸை விடக் குறைவு. வளைகுடா நாட்டுக் குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் இந்தியருக்குத் தனி விசா தேவையில்லை. அனுமதியில் எவ்வளவு காலம் மீதி இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் போடும் முன் அன்றைய விதியைப் பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது ‘குளிர்கால விளையாட்டு’ சேர்ந்திருக்கிறதா என்று படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பல நேரம் அது இருக்காது.

நோன்புப் பெருநாள் இந்த வருடங்களில் மார்ச்சில் வருகிறது. விடுமுறையும் பனியும் ஒன்றாக அமைகிறது. விமானக் கட்டணம் அந்த வாரம் ஏறிவிடும் என்பதால் முடிந்தவர்கள் பெருநாளை வீட்டோடு கொண்டாடிவிட்டு அடுத்த வாரம் போங்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இறைச்சி பற்றிச் சந்தேகம் இருந்தால் சீஸ் ரொட்டியும் பயறு வைத்த லோபியானி ரொட்டியும் எங்கேயும் கிடைக்கும்.

மண்டபம் கரையோரம்

தம்பிகளா, நான் ஊரிலேயே இருக்கிறவன், படகு வைத்திருக்கிறேன். குறை சொல்ல வரவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன். 200 யூரோ என்றால் நம் காசுக்குச் சுமார் 20,000 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் இங்கே பல வீடுகள் கையிருப்பில்தான் ஓடுகின்றன. அந்த மாதிரி வீட்டிலிருந்து கடன் வாங்கிப் படிக்கப் போன பிள்ளை, கால் உடையக்கூடிய ஒரு விளையாட்டுக்குச் செலவழித்தால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவாயா?

தொண்டி நர்ஸ் (சூரிக்)

அண்ணே, உங்கள் கவலை நியாயமானது. நான் வந்த புதிதில் எனக்கும் அதே கணக்குதான் இருந்தது, மாதச் சம்பளத்தில் ஊருக்குப் போவது முதலில், மற்றது அப்புறம். இங்கே நான் பார்க்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். நம் பிள்ளைகள் அறை, வகுப்பு, பகுதி நேர வேலை, மறுபடி அறை என்று ஐந்து மாதம் வெயிலே படாமல் இருக்கிறார்கள். சிலர் யாரிடமும் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கூடப் படிக்கிறவர்களோடு ஒரு நாள் மலைக்குப் போய் வெயிலில் நின்று சிரித்துவிட்டு வருவது ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது 200 யூரோவாக இருக்க வேண்டியதில்லை, அதற்குத்தான் இந்த இழையே.

தம்பி, அம்மாவிடம் கட்டாயம் சொல்லிவிட்டுப் போ.

தேவிபட்டினத்தான் (மியூனிக்)

மண்டபம் அண்ணே, சொல்லிவிட்டுத்தான் போவேன். ஊருக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு வேலையில் வரும் கூடுதல் காசுக்குள் அடங்கினால் மட்டும் போவது என்று வைத்திருக்கிறேன்.

பாம்பன் வாடை (இன்ஸ்புருக்)

மண்டபம் அண்ணன் கால் உடைவதைப் பற்றிக் கேட்டதால் ஒன்று. சரிவில் இறங்குவதுதான் பனிச்சறுக்கு என்று இல்லை. சமதளத்தில் காட்டுக்குள்ளும் வயல்வெளியிலும் நீளச் சறுக்கிப் போவது இன்னொரு வகை, ஜெர்மனில் லாங்க்லாஃப் என்பார்கள். மெல்லிய பலகை, குதிகால் கட்டப்படாமல் விடப்பட்ட இலகுவான காலணி. லிஃப்ட் தேவையில்லை, லிஃப்ட் டிக்கெட்டும் இல்லை. பவேரியாவில் பல பாதைகள் இலவசம், சிலவற்றில் சின்னக் கட்டணம். வாடகையும் குறைவு, வேகம் குறைவு என்பதால் அடியும் குறைவு. மூச்சு வாங்கும், உடம்பு நன்றாகச் சூடாகும். கடனோடு இருக்கும் மாணவனுக்கு இதைவிட மலிவான குளிர்கால விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கார்மிஷ், ஓபர்ஸ்டோர்ஃப் இரண்டு ஊர்களிலும் இதற்குப் பாதைகள் உண்டு. தேவிபட்டினம் தம்பி, முதல் தடவை இதில் தொடங்கினால்கூட நல்லது.

வேதாளை இளையவன்

எனக்குப் பாஸ்போர்ட்கூட இல்லை, ஆனால் இதைப் படித்ததிலிருந்து ஆசையாக இருக்கிறது. இந்தியாவிலேயே கற்க முடியுமா?

சாயல்குடி ஜவான்

முடியும் தம்பி. நான் ராணுவத்தில் இருக்கிறேன், சறுக்கக் கற்றது காஷ்மீரில். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பொதுமக்களுக்குக் குளிர்காலத்தில் இரண்டு வார அடிப்படைப் பயிற்சி தருகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பலகை எல்லாம் கட்டணத்துக்குள் வரும். தனியாகப் போய்த் தனித்தனியாக வாடகை கொடுப்பதை விட நிறைய மிச்சம். உத்தராகண்டில் ஔலியிலும் அரசுச் சுற்றுலா நிறுவனம் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்துகிறது. 2023 ஜனவரியில் அடிவார ஊரான ஜோஷிமத்தில் நிலம் உள்வாங்கியபோது அங்கிருந்து ஔலிக்கு ஏறும் ரோப்காரை நிறுத்தினார்கள், அதனால் சாலை வழியாகப் போவதாகவே திட்டமிடு.

குல்மார்க் ஊர் 2650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேபிள் கார் அபர்வட் மலையில் கிட்டத்தட்ட 4000 மீட்டர் வரை ஏறும். புதியவர்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சிறு சரிவுகளிலேயே இருக்க வேண்டும். மேலே பனிச்சரிவு ஆபத்து நிஜமானது, அதை நான் பார்த்திருக்கிறேன். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான் அந்தப் பகுதிக்காரர்தான். நம் நாட்டுப் பனியிலும் ஒலிம்பிக் வரை கற்கலாம்.

ராமேஸ்வரம் அலை (சப்போரோ)

ஜப்பானிலிருந்து சிறு சேர்க்கை. சப்போரோவில் நகரப் பேருந்தில் போகும் தூரத்திலேயே மலைகள் இருக்கின்றன, 1972 ஒலிம்பிக் நடந்த தேய்னே உட்பட. இரவு விளக்கில் சறுக்க அனுமதிக்கும் இடங்களில் மாலை டிக்கெட் பகல் டிக்கெட்டை விடக் குறைவு. வேலை முடிந்து போக அதுதான் எனக்கு வசதி. உடுப்பை இரண்டாம் கைக் கடைகளில் வாங்கலாம், சுத்தமாக வைத்திருப்பார்கள்.

உடுப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு குளிர்ந்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்சட்டை, நடுவில் ஃபிளீஸ், வெளியே நீர் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் கூடவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் மட்டும் நல்லதாகச் சொந்தமாக வாங்குங்கள். கடல் வெயிலில் வளர்ந்தவர்கள் நாம், வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைப்போம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கடல் நீர் அவ்வளவு அடிக்காது. தாடைக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

பாம்பன் வாடை (இன்ஸ்புருக்)

நன்றி தங்கச்சி. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் இரண்டாம் கை உடுப்புக்கு ஸ்கீபஸார் உண்டு. அக்டோபர், நவம்பரில் சறுக்குச் சங்கங்கள் நடத்தும் பழைய பொருள் சந்தை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பங்கள் நல்ல ஜாக்கெட்டையும் பலகையையும் குறைந்த விலைக்கு விடுவார்கள். ஹெல்மெட் மட்டும் அங்கே வாங்காதே. முன்பு அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. வாடகைக்கு எடு, அல்லது டெகாத்லானில் புதிது வாங்கு.

சாப்பாடு: மலைக் குடிலில் ஒரு தட்டு 15 யூரோவைத் தொடும். சப்பாத்தி சுருட்டி எடுத்துப் போ. தெர்மாஸில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. ஊரிலிருந்து வரும் யாரிடமாவது கருப்பட்டி கொடுத்துவிடச் சொல்.

தேவிபட்டினத்தான் (மியூனிக்)

அண்ணே, அக்கா, ஜலீஸ் காக்கா எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்துக்கொள்கிறேன். ஆல்ப்ஸ் சங்க உறுப்பினர் கட்டணத்தை இந்த வாரமே கட்டுகிறேன். ரயிலுக்குக் கையிலிருக்கும் டிக்கெட் போதும். ஜாக்கெட்டும் கால்சட்டையும் கூட இருக்கும் பையன் தருகிறான். கையுறை, கண்ணாடி வாங்குகிறேன், பூட்ஸ், பலகை, ஹெல்மெட் வாடகை. பல்கலைக்கழகக் குழு வகுப்பில் ஜனவரி நடு வாரத்துக்கு இடம் இருக்கிறதாம். அதற்கு முன் ஒரு நாள் கார்மிஷ் பக்கம் லாங்க்லாஃப் போய்ப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: திடலில் என் முன்னால் போகிறவர் சட்டென்று திரும்பினால் தப்பு யாருடையது?

பாம்பன் வாடை (இன்ஸ்புருக்)

உன்னுடையது. கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை, மேலிருந்து வருகிறவன்தான் விலகிப் போக வேண்டும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து விதிகளில் இது முக்கியமானது, வழக்கு வந்தாலும் இதைத்தான் பார்ப்பார்கள். பத்தையும் போகும் முன் படித்துவிடு, ஒரு பக்கம்கூட வராது. நிற்பதானால் சரிவின் ஓரத்தில் நில், வளைவுக்குக் கீழே நிற்காதே. எளிதான நீலக் குறியிட்ட பாதையைத் தாண்டி, அடுத்த படியான சிவப்புக்கு இந்த வருடம் போக வேண்டாம்.

லாங்க்லாஃப் போகும் முந்தின இரவு வெப்காம் படத்தை இங்கே போடு, பனி போதுமா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.